பண்ணைக் கொடுவா, கழிமுகக் கொடுவா: மீனின் உடல்வாகை அளந்து பார்ப்பது எப்படி

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கொடுவா பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று முதுகு தூக்கி, வயிறு உருண்டு, அந்த உடம்புக்குத் தலை சின்னதாகத் தெரிந்தது, நிறமும் கொஞ்சம் கருத்திருந்தது. இன்னொன்று ஒல்லி, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது, தலை நீட்டிக்கொண்டு நின்றது. எது பண்ணை மீன் என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "தலையப் பாரு தம்பி. தலை சின்னதா ஒடம்பு பெருசா இருந்தா அது தீனி போட்டு வளத்தது. ஓடி ஓடித் தின்ற மீனுக்கு ஏது அம்மாஞ் சதை?" என்றார்.

அந்த அக்கா ஒரு நொடியில் கண்ணால் அளந்ததைத்தான் மீன் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஸ்கேலும் கேமராவும் வைத்து அளக்கிறார்கள். ஒரே இன மீன்தான், ஆனால் வளர்ந்த இடம் மாறினால் உடல்வாகு மாறும். அதை நாமும் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம், பெரிய செலவு கிடையாது. சாப்பிட வாங்குகிறவர்களுக்கும், சின்னக் குளத்தில் மீன் விட்டு வளர்க்கிறவர்களுக்கும், பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். பண்ணை மீன் மட்டம், கடல் மீன் உசத்தி என்ற எண்ணத்தோடு ஆரம்பிக்காதீர்கள். நல்ல பண்ணையில் வளர்ந்து காலையில் பிடித்த கொடுவா, நாலு நாள் ஐஸில் கிடந்த கடல் கொடுவாவை விட எத்தனையோ மேல்.

முதலில் இனத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும், பாதிப் பேர் இங்கேயே சறுக்குகிறார்கள். ஏரி வவ்வால் என்று விற்கிறார்களே, அது வவ்வாலே இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பாகு என்ற நன்னீர் மீன் அது, வாயைத் திறந்து பார்த்தால் மனிதப் பல் மாதிரி தட்டையான பற்கள் இருக்கும். அதையும் வெள்ளை வவ்வாலையும் பக்கத்தில் வைத்து 'பண்ணை வவ்வால், கடல் வவ்வால்' என்று ஒப்பிட்டால் கணக்கு முழுக்கத் தப்பு. சால்மன் விஷயத்திலும் இதே குழப்பம்: நம் ஊரில் இந்தியன் சால்மன் என்று சொல்லப்படும் காலா மீனுக்கும் நார்வேயிலிருந்து வரும் சால்மனுக்கும் உறவே இல்லை. வஞ்சிரம், நெத்திலி, மத்தி எல்லாம் நம் மார்க்கெட்டுக்கு வருவது கடலில் பிடித்ததுதான், ஒப்பிடப் பண்ணை மீன் கிடைக்காது. கொடுவா, மடவை, பால் மீன் ஆகியவற்றில் இரண்டு வகையும் கிடைக்கும். என் யோசனை, கொடுவாவில் ஆரம்பியுங்கள். பழவேற்காடு, எண்ணூர் பக்கம் வலையில் பிடித்ததும் வருகிறது, குளத்தில் வளர்த்ததும் வருகிறது. செயற்கை முறையில் கொடுவாக் குஞ்சு பொரிக்கும் முறையை 1997-ல் செய்து காட்டியது நம் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், முட்டுக்காட்டில் அவர்களுக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதனால் இந்த மீனைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பக்கத்திலேயே ஆள் உண்டு.

அடுத்தது அளவு. கால் கிலோ மீனையும் இரண்டு கிலோ மீனையும் ஒப்பிடக் கூடாது. குழந்தைக்குத் தலை பெரிதாக இருக்கிற மாதிரிதான் மீனுக்கும், சின்ன மீனுக்குத் தலையும் கண்ணும் உடம்புக்குப் பெரிதாகத் தெரியும், வளர வளர உடம்பு அதைத் தாண்டிப் போகும். கொடுவாவுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது முதலில் ஆணாக இருந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஆக ரொம்பப் பெரிய கொடுவாவும் சின்னக் கொடுவாவும் வயதில் மட்டும் இல்லை, பாலிலேயே வேறாக இருக்கலாம். முக்கால் கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோவுக்குள் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே தேடுவது நல்லது.

மீனைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கூடையைப் பாருங்கள். இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன், ஒற்றை மீன் சொல்லாததைக் கூடை சொல்லும். பண்ணைக் கூடையில் மீன்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். காரணம், கொடுவா தன் இனத்தையே தின்னும் மீன், பெரியது சின்னதை விழுங்கிவிடும். அதனால் குஞ்சுப் பருவத்திலிருந்தே சில நாளைக்கு ஒருமுறை அளவு வாரியாகப் பிரித்துப் பிரித்து விடுவார்கள், ஒரே நாளில் பொரித்தவை ஒரே தீனியில் வளர்ந்து ஒரே நாளில் அறுவடையாகும். கடல் மீன் கூடையில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று சினை, ஒன்று காலி வயிறு. ஆனால் அவசரப்பட வேண்டாம். செவுள் வலையில் பிடித்த மீனும் ஒரே அளவாகத்தான் வரும், ஏனென்றால் கண்ணியை விடச் சின்னது நழுவிப் போய்விடும், ரொம்பப் பெரியது தலையே நுழையாமல் தப்பிவிடும். அப்படி இருந்தால் செவுள் பக்கத்திலோ முதுகிலோ வலைக்கயிறு அழுத்திய கோடு தெரியும், செதில் உதிர்ந்திருக்கும். அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

இப்போது அளப்பது. தேவையானவை ஒரு எஃகு ஸ்கேல், பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டம், கிராம் காட்டும் தராசு, ஒரு வெட்டும் பலகை. மீனைச் சுத்தம் செய்வதற்கு முன்னாலேயே, முழுசாக, இடது பக்கம் மேலே தெரிகிற மாதிரி படுக்க வையுங்கள். எல்லா மீனையும் ஒரே பக்கம் வைப்பது ரொம்ப முக்கியம். தையல் டேப்பை மீனின் மேல் போர்த்தி அளக்காதீர்கள். உருண்ட மீனின் வளைவு மேல் டேப் ஓடினால் நீளம் கூடிக் காட்டும், அதுவும் பருத்த மீனுக்குத்தான் அதிகம் கூடும், கடைசியில் நாம் தேடும் வித்தியாசத்தையே அது அழித்துவிடும். ஸ்கேலைப் பலகையோடு ஒட்டி வைத்து, மீனின் மூக்கு நுனியிலும் வால் முடிவிலும் மூலைமட்டத்தை நிமிர்த்தி, அது ஸ்கேலில் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்.

ஐந்து அளவு போதும். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் முனை வரை முழு நீளம். மூக்கு நுனியிலிருந்து, வாலை லேசாக மடக்கினால் ஒரு மடிப்பு விழுமே, அந்த இடம் வரை உடல் நீளம். முதுகின் உயர்ந்த இடத்திலிருந்து நேர் கீழே வயிறு வரை உடல் உயரம். மூக்கிலிருந்து செவுள் மூடியின் பின் ஓரம் வரை தலை நீளம். வால் விரிவதற்கு முன்னால் ஒடுங்கி இருக்கும் காம்பின் குறைந்த உயரம், அதாவது பொரித்தால் நான் முதலில் எடுத்துக்கொள்ளும் பகுதி. இவற்றோடு எடை. வெறும் அளவை ஒப்பிடாமல் ஒவ்வொன்றையும் உடல் நீளத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, உடல் நீளம் 37 செ.மீ. உள்ள இரண்டு கொடுவாவில் ஒன்றின் உயரம் 11.8 செ.மீ., இன்னொன்றின் உயரம் 10.4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 0.32, 0.28. கண்ணுக்கு 'ஒன்று கொஞ்சம் குண்டு' என்று மட்டும் தெரிந்தது இப்போது எழுதி வைக்கிற எண்ணாகிவிட்டது.

எடையை வைத்து இன்னொரு கணக்கு இருக்கிறது, மீன்வளம் படிக்கிறவர்கள் இதை ஃபுல்டன் குறியீடு என்பார்கள். கிராம் எடையை 100-ஆல் பெருக்கி, செ.மீ. நீளத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். முழு நீளம் 44 செ.மீ., எடை 1,200 கிராம் என்றால் 1.41 வரும். அதே நீளத்தில் 950 கிராம் என்றால் 1.12. கூடுதலாக வந்தால் மீன் சதைப்பிடிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த எண்ணை வேறு இன மீனோடு ஒப்பிடவே கூடாது. வாளை மீனுக்கு இது எப்போதும் ரொம்பக் குறைவாகத்தான் வரும், வவ்வாலுக்கு அதிகமாக வரும், அது அந்தந்த இனத்தின் வடிவம். எந்த நீளத்தை எடுத்தீர்களோ அதையே கடைசி வரை எடுங்கள். வால் கிழிந்த மீனில் முழு நீளம் பொய் சொல்லும், அதனால் உடல் நீளத்தில் கணக்குப் போடுவதே பத்திரம்.

போனில் படம் எடுத்து அளக்கலாமா என்றால், தாராளமாக எடுக்கலாம், ஆனால் போனை மீனுக்கு நேர் மேலே, ஒரு மீட்டர் உயரத்திலாவது வைத்து, ஜூம் செய்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் நடு உடம்பு வீங்கியும் தலையும் வாலும் சுருங்கியும் விழும், ஒல்லி மீன்கூடப் பண்ணை மீன் மாதிரி தெரியும். ஸ்கேலைப் பலகையில் வைக்காமல் இரண்டு தீப்பெட்டி மேல் வைத்து மீனின் பாதித் தடிமன் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் அளவு சரியாக இருக்கும். துடுப்புகளை விரித்து விடுங்கள். ஐஸ் பெட்டியில் வளைந்து விறைத்த மீனை அளக்கவே வேண்டாம். கம்ப்யூட்டரில் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து புள்ளி வைத்து அளக்கலாம். ஆழமாகப் போக நினைக்கும் மாணவர்கள் டிபிஎஸ்டிக், மார்ஃபோஜே என்ற மென்பொருள்கள் இரண்டையும் பாருங்கள், முதலாவது படத்தில் புள்ளி வைக்க, இரண்டாவது அந்தப் புள்ளிகளிலிருந்து அளவு வித்தியாசத்தைக் கழித்துவிட்டு வடிவ வித்தியாசத்தை மட்டும் காட்ட.

ஒரு குழுவுக்குப் பதினைந்து மீனாவது வேண்டும். ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பழக்கப்பட்ட கடை என்றால் காலை ஏழு மணிக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால் போய்க் கேட்டுப் பாருங்கள், ஒரு மீன் வாங்கிக்கொண்டு நாலு மீனை அளக்க விடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. எங்கிருந்து வந்த மீன் என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பெட்டியில் வந்ததா, படகில் வந்ததா என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, வித்தியாசம் ஏன் வருகிறது? தீனி ஒன்று, ஓட்டம் ஒன்று. நேரத்துக்குத் தீனி விழும் குளத்தில் மீன் இரையைத் துரத்த வேண்டியதில்லை, எதிர்நீச்சல் போட வேண்டியதில்லை, மிச்சம் எல்லாம் சதையாகவும் நெய்யாகவும் சேர்கிறது. உடம்பு வேகமாகப் பருக்கும்போது தலை பின்தங்கிவிடுகிறது. அக்கா சொன்ன சின்னத் தலைக்கு இதுதான் காரணம். மூன்றாவது காரணம் வம்சம். நார்வேயில் 1970-களின் தொடக்கத்திலேயே சால்மனை வளர்ச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். பண்ணையில் வளர்ந்த சால்மனுக்கு ஆற்றுச் சால்மனை விடத் தலையும் துடுப்பும் சின்னது, உடம்பு பருமன். நம் நாட்டில் புவனேஸ்வரில் உள்ள நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நார்வேக்காரர்களோடு சேர்ந்து 1992-ல் ரோகுவில் இந்த வேலையைத் தொடங்கி, சுதந்திரப் பொன்விழா ஆண்டில் ஜெயந்தி ரோகு என்று பெயர் வைத்து வெளியிட்டது. இங்கே ஒன்றை மனதில் வையுங்கள்: ஒரு மீனின் வடிவத்தை மட்டும் பார்த்து அது தீனியால் வந்ததா வம்சத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டு வம்சத்துக் குஞ்சுகளையும் ஒரே குளத்தில், ஒரே தீனியில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரே குளத்தில் வளர்ந்தும் வித்தியாசம் தெரிந்தால் அது வம்சத்தின் வேலை.

காட்டு மீன், அதாவது பண்ணையில் இல்லாமல் இயற்கையில் தானாக வளர்ந்த மீன், எப்போதும் ஒல்லி என்றும் நினைக்காதீர்கள். சுவீடனில் க்ரூசியன் கெண்டை என்று ஒரு மீன், அதை வேட்டையாடும் பைக் மீன் இருக்கும் குளத்தில் வளர்ந்தால் முதுகு உயர்ந்து தட்டு மாதிரி ஆகிவிடும், பைக்கின் வாய்க்குள் அடங்காத அளவுக்கு. வேட்டை மீன் இல்லாத குளத்தில் அதே கெண்டை ஒல்லியாகவே இருக்கும். 1992-ல் இதைச் சோதனை செய்து வெளியிட்டார்கள்.

ஜிலேபி மீன் நம் கண் முன்னாலேயே இருக்கும் பாடம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் ஜிலேபிதான் ஏரிகளில் பரவிக் கிடக்கிறது. சில மாதத்திலேயே சினைப் பிடித்துவிடும், பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் ஏரி முழுக்கக் குஞ்சாகி யாருக்கும் வயிறு நிறையாமல் கூட்டமே குட்டையாக நின்றுவிடும். உள்ளங்கை அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய தலை, பெரிய கண். இதைப் பார்த்துச் சின்ன வயது மீன் என்று நினைத்துவிடுவோம், வயிற்றைக் கிழித்தால் முற்றிய சினை இருக்கும். வளர்ந்த ஆணுக்கு இன்னும் வேறு மாதிரி, தாடை பெருத்து நெற்றி குழிந்து போகும். இதற்குப் பக்கத்தில் கிஃப்ட் திலாப்பியாவை வைத்துப் பாருங்கள். அது ஜிலேபியின் இன்னொரு இனமான நைல் திலாப்பியாவில் வந்தது, 1988-ல் பிலிப்பைன்ஸில் ஆரம்பித்து, எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து கொண்டுவந்த மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் கலந்து பொறுக்கி எடுத்த வம்சம். தோள் திரண்டு, தலை உடம்போடு அடங்கி இருக்கும். இனமே வேறு என்பதால் இந்த இரண்டின் எண்ணை ஒரே அட்டவணையில் போட வேண்டாம், கண்ணைப் பழக்க மட்டும் பாருங்கள். குளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கட்லா தலை மட்டும் பெருத்து உடம்பு சூம்பித் தெரிந்தால் குளத்தில் கூட்டம் அதிகம், தீனி போதவில்லை. பாதியைப் பிடித்து வேறு குளத்துக்கு மாற்றுங்கள்.

எண்ணோடு நிற்காமல் துடுப்பையும் தொட்டுப் பாருங்கள். நெருக்கமாக வளரும் மீன் தொட்டியிலும் வலையிலும் உரசும், ஒன்றை ஒன்று கடிக்கும். தேய்ந்த துடுப்பின் ஓரம் மழுங்கி, தடித்து, வெளுத்துப் போயிருக்கும், நரம்புகள் கோணலாக ஆறியிருக்கும். வலையிலோ ஐஸ் பெட்டியிலோ கிழிந்த துடுப்பு அப்படி இருக்காது, ஓரம் கூர்மையாக, சில சமயம் ரத்தச் சிவப்போடு இருக்கும், இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்தும். கட்டைவிரலால் ஓரத்தை ஒரு தடவு தடவினாலே பழைய காயமா புதிய காயமா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் முதுகெலும்பு. ஒரு தடவை வாங்கிய கொடுவாவில் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் லேசாக ஒரு பள்ளம் இருந்தது. துண்டு போடும்போது அந்த இடத்தில் மட்டும் அரிவாள்மணையில் மீன் இறங்கவில்லை, விரித்துப் பார்த்தால் மூன்று நாலு முள் எலும்புகள் ஒன்றாக ஒட்டி, நடு முள் கீழ்நோக்கி வளைந்திருந்தது. குஞ்சுப் பருவத்தில் மீன் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கித்தான் காற்றுப் பையை நிரப்பும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது நடக்காது, பை நிரம்பாத குஞ்சு தலையைத் தூக்கித் தூக்கி நீந்தி முதுகு வளைந்துவிடும். தீனியில் வைட்டமின் சி, பாஸ்பரஸ் குறைந்தாலும் எலும்பு கோணும். செவுள் மூடி குட்டையாகி உள்ளே சிவப்புத் தெரிவது, கீழ்த்தாடை ஒரு பக்கம் திரும்பியிருப்பது எல்லாம் இந்தக் குடும்பம்தான். கடலிலும் இப்படிப் பிறக்கும், ஆனால் நேராக நீந்த முடியாத குஞ்சை வேறு மீன் பிடித்துத் தின்றுவிடும், நம் கூடை வரை வருவது அபூர்வம். பண்ணையில் அதற்கும் தீனி கிடைக்கிறது, பிழைத்து வளர்கிறது. சாப்பிட ஒன்றும் ஆகாது, நாங்கள் அன்றைக்கு அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். ஆனால் ஒரே கடையில் வாரா வாரம் இப்படி வந்தால் அந்தக் குஞ்சுப் பொரிப்பகத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம், கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவர் மேலே சொல்வார்.

கடைசியாக வயிற்றைத் திறந்து பாருங்கள். குடலைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு மாலை கட்டின மாதிரி இருந்தால் நன்றாகத் தீனி தின்ற மீன். வெளியே குண்டாகத் தெரிந்து, உள்ளே கொழுப்பே இல்லாமல் சினை மட்டும் நிறைந்திருந்தால் அது பருவத்தால் வந்த வயிறு, அந்த மீனைக் கணக்கில் தனியாக வையுங்கள். அதனால்தான் குடலும் சினையும் எடுத்த பிறகு இன்னொரு தடவை எடை போட்டு எழுதிக்கொள்ளச் சொல்கிறேன், அந்த எடையில் போட்ட குறியீடு சினையால் ஏமாறாது. தீனியே போடாமல் கழிமுகத் தண்ணீரை விட்டு வளர்க்கும் குளத்து மீன் எல்லா அளவிலும் காட்டு மீன் மாதிரியே வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, வந்த இடத்தை எழுதி வைப்பது ஒன்றுதான் வழி.

நோட்டில் தேதியை விடாமல் எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது, அந்த நாட்களில் கூடையில் இருப்பது நாட்டுப்படகு மீனும் பண்ணை மீனும் வெளியூர் மீனும்தான், கலவையே மாறிவிடும். மடவை வாங்கினால் மாதத்தைக் கட்டாயம் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அது சினையோடு வரும், அந்த மடவையையும் பங்குனியில் வாங்கிய மடவையையும் நோட்டின் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள்.